அம்மாவின் பல்லும் நான்-ஸ்டிக் தவாவும்

என் மனைவி ஒரு நான்-ஸ்டிக் தவா வாங்கி வந்தாள். ஓசூரில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று எதையாவது செய்துகொண்டே இருக்கிற ஊர் இது. குக்கருக்குப் பேர்போன டி.டி.கே. பிரெஸ்டீஜ் இருப்பதும் இங்கே சிப்காட்டில்தான். ஒரு தவாவைப் பார்த்து இங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை.

பிளந்தது என் அம்மா. காரணம், பிளஸ் டூ படிக்கிற அக்கா மகள்.

"ஆயா, இந்தக் கறுப்புப் பூச்சு என்னன்னு தெரியுமா? டெஃப்லான். அதுல ஃப்ளோரின் இருக்கு!"

அம்மாவுக்கு பென்சீன் தெரியாது, கார்பன் தெரியாது. ஆனால் ஃப்ளோரின் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கத்து கிராமத்தில் பிறந்து, கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். முன் பற்களில் குறுக்கே காவிக் கோடு. கல்யாண போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். கோபமாக இருக்கிறாள் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். கோபமில்லை, பல்.

"ஏன்டா, பல்லைத் தின்னது பத்தலையா? இப்ப தோசைக்குள்ளயும் வந்து உக்காந்துக்கிச்சா?"

நான் பி.காம். பாலன்ஸ் ஷீட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் கண்டுபிடிப்பேன். இதற்குப் பதில் தெரியவில்லை. தவாவை அட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன்.

ஃப்ளோரின் ஒரு பொல்லாத ஆசாமி. அதைத் தனியாகப் பிடிக்க முயன்ற விஞ்ஞானிகளில் பலர் காயப்பட்டார்கள், சிலர் செத்தே போனார்கள். கடைசியில் பாரிஸில் ஆன்ரி முவாஸான் 1886 ஜூன் 26-ம் தேதி பிடித்துக் காட்டினார். 1906-ல் நோபல் பரிசு. அடுத்த வருஷமே காலமானார்.

அப்படி என்ன வெறி அதற்கு? எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஃப்ளோரின் அணுவின் வெளிச்சுற்றில் ஏழு எலெக்ட்ரான்கள். எட்டு இருந்தால்தான் கணக்கு டேலி ஆகும். மார்ச் 31 ராத்திரி கணக்கு டேலி ஆகாத அக்கவுன்டன்ட் எப்படி நடந்துகொள்வாரோ, ஃப்ளோரினும் அப்படித்தான். எதிரே யார் வந்தாலும் பாயும். எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில் இதை மிஞ்சிய தனிமம் கிடையாது.

அந்த எட்டாவது எலெக்ட்ரானை அது இரண்டு வழியில் அடையலாம். ஒன்று, பிடுங்கிக்கொள்வது. கால்சியம் மாதிரி ஒரு இளிச்சவாயனிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் அதற்கு ஃப்ளோரைடு என்று பெயர். இது தண்ணீரில் கரைந்து சுதந்திரமாகச் சுற்றும். இரண்டாவது வழி, ஜாயின்ட் அக்கவுன்ட். கார்பனும் ஃப்ளோரினும் ஆளுக்கொரு எலெக்ட்ரானைப் போட்டுப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். கார்பன் போடுகிற ஒற்றைப் பிணைப்புகளிலேயே இதுதான் மிக வலுவானது. இந்த அக்கவுன்ட்டை லேசில் குளோஸ் செய்ய முடியாது.

எங்கள் மாவட்டத்துப் பல்லைக் கெடுத்தது முதல் வகை. தவாவில் இருப்பது இரண்டாவது.

இரண்டுக்கும் பூர்விகம் ஒன்றுதான் என்பதுதான் வேடிக்கை. பாறை! கிரானைட்டுக்குப் பெயர் வாங்கிய பூமி எங்களுடையது. இந்தப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. அவற்றோடு நெடுநாள் ஊறிய தண்ணீர்தான் போரில் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு போதும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தால், உருவாகிக்கொண்டிருக்கிற பல் எனாமலிலேயே ஃப்ளோரைடு புகுந்து கெடுத்துவிடுகிறது. பிறகு எந்தப் பல்பொடி போட்டுத் தேய்த்தும் பிரயோஜனமில்லை. அளவு இன்னும் கூடினால் எலும்பு, மூட்டு. காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவி, சுமார் 1,900 கோடி ரூபாய். 2008-ல் அடிக்கல் நாட்டியதும் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. எல்லையில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும், அந்த நாட்களின் பதற்றம். கொஞ்ச காலம் தள்ளிப்போடப்பட்டு, ஒருவழியாக 2013-ல் தண்ணீர் வந்தது. அம்மாவின் பல்லுக்கு ஐம்பது வருஷம் லேட்.

சரி, தவாவுக்கு வருவோம். ஃப்ளோர்ஸ்பார் என்று ஒரு கல். குஜராத்தில் ஆம்பாடோங்கர் பக்கம் கிடைக்கிறது, பெரும்பகுதி இறக்குமதிதான். இதை கந்தக அமிலத்தோடு சேர்த்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. அதை குளோரோஃபார்மோடு சேர்த்தால் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த ஆர்-22 கேஸ். அந்த கேஸைக் கடும் சூட்டில் உடைத்தால் டெட்ரா ஃப்ளோரோ எத்திலீன். அதன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கைகோக்க வைத்தால் டெஃப்லான். (டெஃப்லான் என்பது டூபான்ட் கம்பெனி வைத்த பெயர். ரசாயனப் பெயர் பாலி டெட்ரா ஃப்ளோரோ எத்திலீன். சொல்லி முடிப்பதற்குள் தோசை கருகிவிடும்.)

இதைக் கண்டுபிடித்தது யாருடைய திட்டமும் இல்லை. 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் டூபான்ட்டின் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது இளைஞர் ஃபிரிட்ஜுக்குப் புது வாயு தேடிக்கொண்டிருந்தார். அன்று சிலிண்டரைத் திறந்தால் கேஸ் வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருக்கிறது. நாமாக இருந்தால் சிலிண்டர்காரரிடம் சண்டைக்குப் போயிருப்போம். அவர் ரம்பம் போட்டு அறுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைப் பொடி! எந்த அமிலத்துக்கும் அசையவில்லை, எதிலும் கரையவில்லை. இந்த பிளங்கெட் பிறந்தது 1910 ஜூன் 26-ம் தேதி. முவாஸான் ஃப்ளோரினைப் பிடித்த அதே தேதி. ஜோசியர்கள் கவனிக்க!

அந்தப் பொடியின் முதல் பெரிய வேலை, அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற அரக்கனை அடைத்துவைக்கும் சீல்கள். சமையலறைக்கு வந்தது 1950-களில்தான். பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற இன்ஜினீயர் தூண்டில் சாமான்களுக்கு இதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இதை என் வாணலியில் பூசக் கூடாதா?' என்று அவர் மனைவி கேட்டாராம். டீஃபால் கம்பெனி 1956-ல் பிறந்தது.

இதன் ரகசியம் எளிது. நீண்ட கார்பன் சங்கிலி, அதைச் சுற்றி உறை போட்டதுபோல் ஃப்ளோரின். வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் பார்ப்பது ஃப்ளோரினைத்தான். அதற்கோ கணக்கு டேலி ஆகிவிட்டது. யாரிடமும் எதுவும் வேண்டாம். அதனால் மாவு ஒட்டாது, எண்ணெய் ஒட்டாது. கண்ணாடிச் சுவரில்கூட ஏறுகிற பல்லி, உலர்ந்த டெஃப்லானில் வழுக்கும்.

அப்படியானால் தவாவில் மட்டும் எப்படி ஒட்டியது? அக்கா மகளே மாட்டிக்கொண்ட கேள்வி. அலுமினியத்தை முதலில் சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு ஒட்டும் பிசின் கலந்த ஒரு அடிப்பூச்சு. அதன்மேல் டெஃப்லானைத் தெளித்து, சுமார் 400 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். டெஃப்லான் இளகுவதே 327 டிகிரியில்தான். அதனால், வண்டியை சர்வீஸுக்கு விடும்போது 'டெஃப்லான் கோட்டிங் போட்டுடலாமா சார்?' என்று கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். துணியால் தேய்த்து டெஃப்லானை பெயின்ட்டோடு பிணைக்க முடியாது. பளபளப்பு வருவது கூட இருக்கிற மெழுகு, பாலிஷால். பிளம்பர் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் அசல் டெஃப்லான்தான். பத்து இருபது ரூபாய் சமாசாரம்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிளாஸ்டிக் லித்தியம் பேட்டரியில் கறுப்புப் பொடியைத் தகட்டோடு பிடித்துவைக்கும் பசையாக வேலை செய்கிறது. ஒட்டாதவன் தம்பி, ஒட்டுகிறவன்!

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இதுல இருக்கிற ஃப்ளோரின் கட்டிப்போட்ட மாடும்மா. தண்ணியில இருந்தது அவுத்துவிட்டது. துணுக்கு வயித்துல போனாலும் செரிக்காம அப்படியே வெளிய போயிடும்" என்றேன்.

"கட்டு அவுந்தா?"

கேட்டாளே! காலி தவாவை அடுப்பில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போனால் அவிழும். 260 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பூச்சு கெட ஆரம்பிக்கும். இன்னும் ஏறினால் வருகிற புகை, வீட்டில் வளர்க்கிற கிளி, லவ் பேர்ட்ஸைக் கொன்றுவிடும். நமக்குக் குளிர் காய்ச்சல் மாதிரி வரும். மாவு ஊற்றிச் சுடுகிற வரை அந்தச் சூடு வராது.

இன்னொரு விஷயத்தைத்தான் அவளிடம் சொல்லத் தயங்கினேன். டெஃப்லான் தயாரிப்பில் பல வருஷம் உதவிக்குச் சேர்த்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனமும் கார்பன்-ஃப்ளோரின் கூட்டணிதான். அமெரிக்காவில் பார்க்கர்ஸ்பர்க் ஊரில் ஒரு விவசாயியின் மாடுகள் வரிசையாகச் செத்தன. 1999-ல் ராபர்ட் பிலாட் என்ற வக்கீல் வழக்குப் போட்டார். நிலத்திலும் குடிநீரிலும் அந்த ரசாயனம் கலந்திருந்தது தெரியவந்தது. சுமார் 3,500 பேரின் வழக்குகளுக்காக 2017-ல் 67 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் பி.எஃப்.ஓ.ஏ. ஏறியது. அறுக்க முடியாத அந்தப் பிணைப்புதான் தவாவுக்குப் பெருமை. அதே பிணைப்புதான் இந்த ரசாயனத்தை ஆற்றிலும் ரத்தத்திலும் அழியாமல் வைத்திருக்கிறது. தோசை சுடுகிறவருக்கு இதில் பெரிய ஆபத்தில்லை. தயாரிக்கும் ஆலைக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கிறவர் பாடுதான்...

தயக்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்கயும் தண்ணிதானா?" என்றாள்.

தவா இப்போது அடுப்பில் ஏறிவிட்டது. இரும்புத் திருப்பி கூடாது என்று மரத் திருப்பி வாங்கிக் கொடுத்தேன். ஆம்லெட்டுக்கும் பேரப்பிள்ளைகளின் ஊத்தப்பத்துக்கும் தவா. தனக்கு மட்டும் பழைய இரும்புக் கல்.

"ஃப்ளோரினுக்குப் பயமாம்மா?"

"அதெல்லாம் இல்லடா. இதுல தோசை முறுக மாட்டேங்குது."