முட்டையுருவும் அதன் கருவும்

1856ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் நிலையத்தில் நின்று நோக்குவார்க்கு, இருப்புப்பாதையின் இணைகோடுகள் தொலைவில் ஒன்றுகூடுவனபோல் தோன்றும். அத்தோற்றத்தையே மெய்யெனக் கொண்டு, எவ்விரு கோடுகளும் ஒரு புள்ளியிற் சந்திக்கும் என விதிக்கும் க்ஷேத்திர கணிதமும் ஒன்றுண்டு. அதில் 21 புள்ளிகளும் 21 கோடுகளுமே உடைய தளம் ஒன்றைக் காண்போம். கோடுதோறும் 5 புள்ளிகள். புள்ளிவழியே 5 கோடுகள்.

எம்மூன்றும் ஒரு கோட்டில் அமையாத 5 புள்ளிகளைத் தெரிந்தெடுப்பின் அத்தொகுதி முட்டையுரு எனப்படும். அதன் ஒரு புள்ளிவழிச் செல்லும் கோடுகளுள் நான்கு, ஏனைய நான்கு புள்ளிகளைச் சேரும் வெட்டுக்கோடுகள், எஞ்சியதே தொடுகோடு. ஆகவே தொடுகோடுகள் ஐந்து.

வெளிப்புள்ளி யாதாயினும், அதன்வழி வரும் வெட்டுக்கோடுகள் முட்டையுருவின் புள்ளிகளை இரண்டிரண்டாகக் கவரும். ஐந்து ஒற்றையெண் ஆதலின், ஒரு தொடுகோடேனும் அதன்வழி வந்தே தீரும். ஒரு வெட்டுக்கோட்டின் 5 புள்ளிகளுக்கும் உள்ள தொடுகோடுகளோ ஐந்தே. புள்ளிக்கு ஒன்றாகவே அவை பங்காகும். எனவே இரு தொடுகோடுகள் கூடுமிடம் எவ்வெட்டுக்கோட்டிலும் இராது. அவ்விடத்தை முட்டையுருவோடு இணைக்கும் கோடுகள் யாவும் தொடுகோடுகளே! ஐந்தும் கூடும் அப்புள்ளியே கரு. நாம் தாளில் வரையும் வட்டத்திற்கு இவ்விந்தை வாய்க்குமோ? 13 புள்ளித் தளத்தில் முட்டையுருவின் புள்ளிகள் நான்கு. இரட்டையெண் ஆதலின் ஆங்குக் கரு இல்லை.

கருவையும் சேர்த்தால் புள்ளிகள் ஆறு, ஏழாவதற்கு இடமில்லை. இத்தகைய எல்லைகளை 1947இல் கல்கத்தாவின் 'சங்கியா' இதழில் நிறுவியவர் ராஜ் சந்திர போஸ். பல காரணங்களை ஒருங்கே ஆராயும் சோதனைகளை வகுக்கும் புள்ளியியலே அவரை இவ்வழி கொணர்ந்தது.