ஒரு வரி சரியாக விழுந்தால் லட்சம் போட்டோ!

கோட்டையையும் கோவிலையும் படம் பிடிக்கும் போட்டிக்கு ஆள் கூப்பிடும் "பேனர்" கதை

செல்போனில் விக்கிபீடியாவைத் திறக்கிறீர்கள். ஏதோ ஒரு ஊர் பற்றிப் படிக்கவேண்டும். ஆனால் பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டை குறுக்கே நிற்கிறது. "படம் எடுங்கள், அனுப்புங்கள், பரிசு உண்டு" என்கிற மாதிரி ஒன்றிரண்டு வரி. ஓரத்தில், மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி.

இதற்குப் பெயர் பேனர். தெருமுனையில் கட்டுகிற பேனர் அல்ல. இதற்குக் கம்பும் வேண்டாம், கயிறும் வேண்டாம். ஆனால் வேலை ஒன்றுதான். போகிற ஆளை நிறுத்தி, "கொஞ்சம் இங்கே வாங்க சார்" என்று கூப்பிடவேண்டும்.

அந்த ஒரு வரியை எழுதுவது லேசான காரியம் இல்லை.

12 ஆயிரத்தில் தொடங்கியது

போட்டியின் பெயர் "விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்". 2010-ம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் தொடங்கியது. பழைய கட்டிடங்களைப் பொதுமக்களே படம் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி சேர்த்து வைக்கவேண்டும் என்பதுதான் திட்டம். முதல் ஆண்டில் வந்த படங்கள் சுமார் 12,500.

2011-ல் ஐரோப்பாவில் 18 நாடுகள் சேர்ந்தன. 1 லட்சத்து 68 ஆயிரம் படங்கள் குவிந்தன. உலகிலேயே பெரிய போட்டோ போட்டி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது.

2012-ல் இந்தியாவும் முதல் தடவையாகக் களம் இறங்கியது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 3½ லட்சம் படங்களை அனுப்பினார்கள். உலக அளவில் முதல் பரிசு எந்தப் படத்துக்குத் தெரியுமா? டெல்லியில் உள்ள சப்தர்ஜங் சமாதியைக் காட்டும் படத்துக்கு!

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தை ஒட்டி இந்தப் போட்டி நடக்கிறது. நாட்டுக்கு நாடு தேதி கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஒரே தண்டோரா

இதை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பத்திரிகையிலும் டி.வி.யிலும் விளம்பரம் கொடுக்கப் பணம் கிடையாது. விக்கிபீடியாவின் தலையில் போடும் பேனர்தான் அவர்களுடைய தண்டோரா.

அதையும் நினைத்த நேரத்தில் போட முடியாது. எந்த நாட்டில், எந்த மொழியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று முன்கூட்டியே கேட்டு வாங்கவேண்டும். மற்ற பேனர்களும் வரிசையில் நிற்கும்.

பார்க்கிறவர் பெருக்கல் குறியைத் தட்டிவிட்டால் அதோடு சரி. கொஞ்ச நாளைக்கு அவர் கண்ணில் அது மறுபடி படாது. ஆகவே, வரி முதல் பார்வையிலேயே பிடிக்கவேண்டும். மூன்று விஷயம் அதில் இருந்தே தீரவேண்டும். எதைப் படம் எடுப்பது? எந்தத் தேதிக்குள் அனுப்புவது? அனுப்பினால் என்ன கிடைக்கும்?

சமாதியா, கட்டிடமா?

தமிழில் எழுதும்போது முதல் சிக்கல் பெயரிலேயே வருகிறது.

"மானுமென்ட்" என்பதற்கு அகராதிச் சொல் "நினைவுச்சின்னம்". சரியான சொல்தான். ஆனால் சென்னைக்காரரிடம் "நினைவுச்சின்னத்தைப் படம் எடுங்கள்" என்றால் என்ன நினைப்பார்? நேரே மெரினாவுக்குப் போவார். தலைவர்களின் சமாதியைப் படம் பிடித்துக்கொண்டு வருவார்!

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலும், வேலூர்க் கோட்டையும், செஞ்சிக் கோட்டையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன என்பது அவருக்குத் தோன்றாது. "பழைய கோவில், கோட்டை, அரண்மனை" என்று பச்சையாகச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

"பழைய கட்டிடம்" என்று மட்டும் சொன்னால்? அதுவும் ஆபத்து. தாத்தா கட்டிய வீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பரிசுக்குக் காத்திருப்பார். போட்டிக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் மட்டும் நாடு முழுவதும் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. பட்டியலில் இருப்பதை எடுத்தால்தான் கணக்கில் சேரும்.

சொல்லின் தோரணையும் முக்கியம். "புகைப்படங்களைப் பதிவேற்றிப் பங்கேற்பீர்" என்றால் பெரிய ஸ்டூடியோக்காரர்களுக்கு என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். "உங்கள் செல்போனில் எடுத்த போட்டோ போதும்" என்றால் கடைக்காரரும் கிளார்க்கும் "நாமும் அனுப்பிப் பார்க்கலாமே" என்று நினைப்பார்கள்.

பரிசைக் காட்டினால் வம்பு

பரிசை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டால் கூட்டம் வரும். கூடவே வம்பும் வரும். கண்ட இடத்தில் கிடைத்த படத்தை, யாரோ எடுத்த படத்தை, தன் படம் என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு ஆர்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கவேண்டும். அதனால் "நீங்களே எடுத்த படம்" என்ற மூன்று சொல்லுக்கு எப்படியாவது இடம் ஒதுக்கவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்தப் போட்டிக்குக் கொடுக்கும் படத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயரைப் போடவேண்டும். ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டால் "எனக்குத் தெரியாதுங்க, திருப்பிக் கொடுங்க" என்று கேட்க முடியாது.

இவ்வளவும் ஒரு வரியில் அடங்காது. ஆனால் பேனரைத் தட்டியதும் திறக்கும் பக்கத்தில், முதலிலேயே, தமிழிலேயே இருக்கவேண்டும். பேனர் தமிழில் கூப்பிட்டு, உள்ளே போனால் எல்லாம் இங்கிலீஷில் இருந்தால், வந்தவர் வந்த வழியே திரும்பிவிடுவார்.

தமிழ்நாட்டுக்கு என்று ஒரு எச்சரிக்கையும் தேவை. கோவில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது. "கோவிலைப் படம் எடுங்கள்" என்று பேனர் சொல்ல, அதை நம்பி ஒருவர் உள்ளே போய்ச் செல்போனை நீட்டினால் மாட்டிக்கொள்வது அவர்தான். "வெளியில் நின்று கோபுரத்தை எடுங்கள்" என்று பக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது.

ஏன் இந்த அவசரம்?

மின்சார ரெயிலில் போகிறவர்கள் "எம்.எம்.சி." என்ற எழுத்தைப் பார்த்திருப்பார்கள். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்பதன் சுருக்கம். 1900-ல் திறந்த மூர் மார்க்கெட், 1985 மே 30-ந்தேதி தீயில் எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரெயில் நிலையக் கட்டிடம் நிற்கிறது. பழைய புத்தகக் கடைகளோடு இருந்த அந்த மார்க்கெட்டை இனிப் படத்தில்தான் பார்க்கமுடியும்.

சேப்பாக்கத்தில் நவாப் காலத்துக் கலஸ் மகாலும் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. தீயை அணைக்கப் போன அதிகாரி உயிர் இழந்தார். பிறகு அந்த மகாலைப் பழையபடியே செப்பனிட்டார்கள். அதே 2012 செப்டம்பரில்தான் இந்தியா இந்தப் போட்டியில் சேர்ந்தது.

2018 செப்டம்பர் 2-ந்தேதி பிரேசில் நாட்டின் ரியோ நகரில் தேசிய மியூசியம் எரிந்து சாம்பலானது. உடனே, "மியூசியத்துக்குள் எடுத்த படம் இருந்தால் கொடுங்கள்" என்று பார்வையாளர்களிடம் வேண்டுகோள் போனது. சுற்றுலா வந்தவர் பொழுதுபோக்காக எடுத்த போட்டோ கூட, ஒரே நாளில் ஆவணம் ஆகிவிட்டது!

எரிந்த பிறகு கேட்பதை, எரிவதற்கு முன்பே கேட்பதுதான் இந்தப் போட்டி.

தட்டியவர் கணக்கு வேறு

இரண்டு விதமாக வரி எழுதி, சிலருக்கு ஒன்று, சிலருக்கு மற்றொன்று என்று மாற்றி மாற்றிக் காட்டவும் வழி இருக்கிறது. எதை அதிகம் பேர் தட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆனால் தட்டியவர் கணக்கு மட்டும் போதாது. "பரிசு! பரிசு!" என்ற வரியை ஆயிரம் பேர் தட்டி, பத்துப் பேர் படம் அனுப்பலாம். "உங்கள் ஊர்க் கோட்டைக்கு ஒரு போட்டோ கொடுங்கள்" என்ற வரியை நூறு பேர் தட்டி, ஐம்பது பேர் அனுப்பலாம். கடைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியது இல்லை. கடைக்குள் வந்தவரை எண்ணி என்ன பயன்? மாலையில் கல்லாவைத்தானே எண்ணவேண்டும்?

இங்கே கல்லா என்பது, பட்டியலில் இதுவரை ஒரு படம்கூட இல்லாமல் காலியாகக் கிடந்த கட்டிடத்துக்கு வந்து சேரும் முதல் போட்டோ.