ஸ்டொக் கார் பந்தயமும் ரெவ் ரேசிங் அணியும்

ஸ்டொக் கார் என்பது, வீதியில் ஓடும் சாதாரணக் காரின் தோற்றத்தை வெளியே வைத்துக்கொண்டு, உள்ளே உருக்குக் குழாய்க் கூடும் ஏறத்தாழ 5.9 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினும் கொண்டு பந்தயத்துக்கென்றே கட்டப்படும் வாகனமாகும். தொடக்கத்தில் அது உண்மையாகவே கடையில் வாங்கிய காராகத்தான் இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கசிப்புக் கடத்தியவர்கள் பொலிஸாரிடம் பிடிபடாமல் தப்புவதற்காகத் தங்கள் கார்களின் வேகத்தைக் கூட்டிக்கொண்டதும், பின்னர் யாருடைய கார் விரைவானது என்று தமக்குள் பார்த்துக்கொண்டதும் இவ்விளையாட்டின் வேர்களில் ஒன்றாகும். 1948இல் பில் பிரான்ஸ் தலைமையில் டேட்டோனா கடற்கரை நகரில் உருவான நாஸ்கார் அமைப்பு இதற்கு விதிகளை வகுத்து, தொழில்முறைத் தொடராக வளர்த்தெடுத்தது.

பெரும்பாலான ஓட்டங்கள் நீள்வட்டத் தடத்தில் இடஞ்சுழியாக நடைபெறுவதால் சாரதி இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கிறார் என்பது உண்மை. அதனால் அவர் வேலை எளிது என்று எண்ணுவது பிழை. வளைவுகளில் தடத்தின் வெளிப்புறம் உயர்த்தப்பட்டிருக்கும். நான்கு கிலோமீற்றர் நீளமுள்ள டேட்டோனாவில் அந்தச் சரிவு 31 பாகை என்பதால் கார்கள் வேகத்தைக் குறைக்காமலே வளைகின்றன. ஏறத்தாழ 850 மீற்றர் மட்டுமே நீளமுள்ள மார்ட்டின்ஸ்விலில் சரிவு 12 பாகை என்பதால் அங்கே பிரேக்கைப் பேணத் தெரிந்தவரே கடைசிவரை நிற்கிறார். கார் தானாகவே இடப்புறம் சாய்ந்து செல்ல, வலப்பக்கச் சில்லுகளுக்குச் சற்றே பெரிய சுற்றளவுள்ள டயர்களைப் பூட்டும் வழக்கமும் உண்டு. இறப்பர் தோட்டத்துப் பால் வாளியைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால், வாய் அகன்ற பக்கம் கூடுதல் தூரம் ஓடுவதால் அது நேரே போகாமல் வட்டமடித்துத் திரும்புவது போன்றதே இதுவும்.

டயரைப் பற்றி, இறப்பர் விளையும் ருவான்வெல்லைப் பகுதி வாசகருக்கு இன்னொன்றும் சொல்லத் தகும். இப்பகுதித் தோட்டங்களில் வெட்டப்படும் பாலிலிருந்து கிடைப்பதைப் போன்ற இயற்கை இறப்பர், பெரும் பாரம் தாங்கும் விமான டயர்களிலும் லொறி டயர்களிலும் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. பந்தய டயரின் தரையைத் தொடும் பகுதியிலோ செயற்கை இறப்பரே ஓங்கி நிற்கிறது. ஏனெனில் அங்கே நீண்ட உழைப்பைவிடத் தடத்தைப் பற்றும் பிடிப்பே முதன்மையானது. அந்தப் பிடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்துகொண்டே போக, அதை இருக்கையின் அதிர்விலிருந்தும் ஸ்டியரிங்கின் இழுப்பிலிருந்தும் உணர்ந்து, இன்னும் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு வேகம் தாங்கும் என்று கணிப்பதுதான் சாரதியின் உண்மையான கலை.

அக்கலை நூலில் படித்து வருவதன்று; தடத்தில் செலவழிக்கும் மணிநேரத்தால் மட்டுமே வருவது. அந்த மணிநேரத்துக்கோ எஞ்சின், டயர், எரிபொருள், மெக்கானிக் ஆகிய அனைத்தின் விலையும் சேர்கிறது. சிறு வயதிலேயே கார்ட் வண்டியில் தொடங்கி, உள்ளூர் ஓட்டங்களில் ஓடும் லேட் மொடல் கார், அடுத்து ஆர்க்கா தொடர், பின்னர் ட்ரக் தொடர் என்று ஏறி, நாஸ்காரின் உச்சமான கப் தொடரை அடையும்வரை குடும்பமோ அனுசரணையாளரோ பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே தந்தையும் பாட்டனும் பந்தயம் ஓடிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த வழி, மற்றவர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

பணத்தடைக்கு மேலே நிறத்தடையும் இருந்தது. வர்ஜீனியாவின் டான்வில் ஊரைச் சேர்ந்த கறுப்பினச் சாரதி வெண்டல் ஸ்கொட், 1963 டிசம்பரில் ஜக்சன்வில் தடத்தில் முதலாவதாக வந்தபோதும், வெற்றிக் கொடியும் கிண்ணமும் இரண்டாவதாக வந்த வெள்ளையரான பக் பேக்கருக்கே அளிக்கப்பட்டன. கூட்டம் கலைந்த பின்னரே சுற்றுகள் மீள எண்ணப்பட்டு ஸ்கொட்டின் வெற்றி ஒப்புக்கொள்ளப்பட்டது. 1990இல் அவர் இறந்தார். நாஸ்கார் அந்த வெற்றிக்குரிய கிண்ணத்தை அவர் குடும்பத்திடம் கையளித்தது 2021இல்தான். இதை ஒரு நிர்வாகத் தவறு என்று கடந்து போவது நேர்மையாகாது.

2004இல் நாஸ்கார் ‘டிரைவ் ஃபோர் டைவர்சிட்டி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, சிறுபான்மை இனத்தவரையும் பெண்களையும் சாரதிகளாகவும் அணிப் பணியாளர்களாகவும் வளர்க்க முற்பட்டது. தொடக்கத்தில் தெரிவான சாரதிகள் வெவ்வேறு அணிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். கறுப்பின வழக்கறிஞரான மக்ஸ் சீகல் நிறுவிய ரெவ் ரேசிங் அணி 2010இல் அவர்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அத்திட்டம் உருப்பட்டது இதனால்தான் எனலாம். வட கரோலினாவின் கொன்கோர்ட் நகரில் உள்ள இவ்வணி, தெரிவுப் போட்டி நடத்தி இளையோரைத் தேர்ந்து, காரையும் மெக்கானிக்கையும் பயிற்சியாளரையும் தானே தந்து, அவர்களுக்கு ஓட்ட மணிநேரத்தை வழங்குகிறது.

பலன் விரைவில் தெரிந்தது. 16 வயதுப் பபா வாலஸ் 2010இல் இவ்வணிக்காக இறங்கிய பிராந்தியத் தொடரின் முதல் ஓட்டத்திலேயே வென்றார். 2021இல் டலடேகா தடத்தில் கப் ஓட்டமொன்றில் வென்று, ஸ்கொட்டுக்குப் பின் அவ்வெற்றியை அடைந்த முதல் கறுப்பினச் சாரதியானார். யப்பானிய வழிவந்த தாயின் மகனான கைல் லார்சன் 2012இல் இவ்வணிக்காகப் பிராந்தியப் பட்டம் பெற்று, 2021இல் கப் தொடரின் சாம்பியனானார். மெக்சிகோவிலிருந்து வந்த டேனியல் சுவாரெஸ் 2016இல் இரண்டாம் நிலைத் தேசியத் தொடரின் பட்டத்தை வென்றார். திறமைக்குப் பஞ்சம் இருந்ததேயில்லை, தடத்தில் இறங்கும் வாய்ப்புக்கே பஞ்சம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழருக்கும் இவ்விளையாட்டில் ஒரு சிறு பங்கு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்மியுலா வண்ணில் ஓடிய முதல் இந்தியரானார்; 2010இல் நாஸ்காரின் ட்ரக் தொடரில் இறங்கி, மார்ட்டின்ஸ்விலில் தம் முதல் ஓட்டத்தில் 13ஆவதாக வந்ததோடு, அவ்வாண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான சாரதியாக இரசிகர்களால் தெரிவு செய்யப்பட்டார். அவர் ரெவ் ரேசிங்கின் வழியே வந்தவர் அல்லர். ஸ்டொக் கார் பந்தயத்துக்கு வெளியே, சென்னையில் தந்தையின் பந்தயப் பழக்கத்தால் சிறு வயதிலேயே தடத்துக்கு வந்த அலிஷா அப்துல்லா, பின்னர் பெண்களுக்கெனப் பந்தயப் பயிற்சிக் கழகமொன்றைத் தொடங்கினார். தமக்குக் குடும்பம் தந்த வழியை மற்றப் பெண்களுக்கும் திறந்துவிட்டதே அதன் சிறப்பு.

பெண்களைப் பொறுத்தவரை அமெரிக்கத் திட்டத்தின் பேறு இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது. ஓட்டத்தின் நடுவே கார் நிறுத்தப்படும் பிட் எனும் இடத்தில், சில வினாடிகளுக்குள் டயர் மாற்றும் பணியில் அது வென்றிருக்கிறது. கூடைப்பந்து வீராங்கனையாக இருந்த பிரெஹானா டேனியல்ஸ் இத்திட்டத்தில் பயின்று, 2018இல் டேட்டோனாவில் கப் ஓட்டத்தின் பிட் குழுவில் பணியாற்றிய முதல் கறுப்பினப் பெண்ணானார். ஆனால் ஸ்டியரிங்கின் பின்னே கதை வேறு. 1949இல் நடந்த கப் தொடரின் முதல் ஓட்டத்திலேயே சேரா கிறிஸ்டியன் என்னும் பெண் ஓடியிருக்கிறார். 1977இல் ஜனட் கத்ரி டேட்டோனா 500 ஓட்டத்தில் பங்கேற்ற முதல் பெண்ணானார். 2013இல் டனிகா பட்ரிக் அதே ஓட்டத்தில் முன்வரிசையின் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். இத்தனைக்குப் பிறகும் கப் தொடரில் எந்தப் பெண்ணும் இதுவரை ஓர் ஓட்டத்தையும் வென்றதில்லை.