சிறிய குடும்பத்துக்கு முதல் பெல்லட் கிரில்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஃப்ரீசர் நிறைந்துவிடும். குழம்பு, பிரியாணி, சுக்கா என்று இரண்டு வாரம் ஓடும். அதற்குப் பிறகு, "பக்கத்து வீட்டில் வாசம் தூக்குகிறதே, நாமும் ஒரு பெல்லட் கிரில் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு வரும். 400 டாலரில் தொடங்கி 2000 டாலரையும் தாண்டும் பொருள் இது. பெரும்பாலோர் பெருநாளன்று வரும் முப்பது பேரை மனதில் வைத்துப் பெரிய கிரில்லாக வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் அதில் சமைக்கப்போவது வீட்டிலுள்ள நாலு பேருக்குத்தான்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சித் துண்டுகளே பெல்லட். கிரில்லின் பக்கவாட்டில் உள்ள பெட்டியில் (ஹாப்பர்) இவற்றைக் கொட்டுகிறோம். மோட்டார் சுழற்றும் ஒரு திருகுத் தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலுள்ள தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்கம்பி சூடாகிப் பற்றவைக்கிறது, விசிறி காற்றை ஊதுகிறது. எவ்வளவு வெப்பம் வேண்டுமென்று நாம் சொல்லிவிட்டால், பெல்லட்டைக் கூட்டுவதையும் குறைப்பதையும் கருவியே பார்த்துக்கொள்ளும். 1980களில் ஒரிகான் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் ஜோ ட்ரேகர் உருவாக்கியது இது. அந்தக் காப்புரிமை முடிந்த பிறகுதான் மற்ற நிறுவனங்கள் வந்தன, விலையும் இறங்கியது.

ஆக, இது விறகு எரிக்கும் ஓவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தணலுக்கு நேர் மேலே சீக் கபாபைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, ஓரம் கருகி வரும் அந்த ருசிதான் உங்களுக்கு வேண்டுமென்றால், 100 டாலருக்குள் கிடைக்கும் கரி அடுப்பே போதும். பெல்லட் கிரில்லில் தீ ஒரு தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கும், இறைச்சியை நேராகத் தொடாது. முழுக் கோழி, ஆட்டுக்கால், மாட்டின் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கட் போல மெதுவாக வேக வேண்டியவற்றுக்குத்தான் இது கெட்டிக்காரக் கருவி. இரண்டும் வேண்டுவோர், தகட்டை நகர்த்தித் தீயை நேராகக் காட்டும் வசதியுள்ள மாடல்களைப் பார்க்கலாம். பிட் பாஸ், கேம்ப் செஃப் நிறுவனங்களின் பல மாடல்களில் அது உண்டு.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 700 சதுர அங்குலம் என்று எழுதியிருப்பார்கள். அதில் மேல் தட்டையும் சேர்த்திருப்பார்கள். கீழ்த்தட்டு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்குக் கீழ்த்தட்டு 400 சதுர அங்குலத்தை ஒட்டி இருந்தால் தாராளம். இரண்டு மூன்று முழுக் கோழிகளை எளிதாக வைக்கலாம், ஒரு முழு பிரிஸ்கட்டும் அடங்கும். பெருநாள் கூட்டத்துக்கு இரண்டு தடவையாகச் சுட்டுக்கொள்ளலாம். பெரிய பெட்டியைச் சூடாக்க ஒவ்வொரு முறையும் கூடுதல் பெல்லட் எரியும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நடுத்தர கிரில் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மணிக்குச் சுமார் ஒரு பவுண்ட் பெல்லட் எடுக்கும். 400 டிகிரிக்கு மேல் போனால் அது இரண்டு மடங்கைத் தாண்டும். குளிர்காலத்தில் இன்னும் அதிகம்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. மலிவான பழைய வகைகளில் 225 என்று வைத்தால் அது 200க்கும் 250க்கும் இடையே ஊசலாடும். பிஐடி என்ற வகைக் கட்டுப்பாடு உள்ளவை சில டிகிரிகளுக்குள் நிலையாக நிற்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடப் போகும் வீட்டில் இந்த நிம்மதிக்கு விலை கொடுக்கலாம். வைஃபை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆனால் இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி கோழி உள்ளே 165 டிகிரியும், கொத்துக்கறி 160 டிகிரியும் எட்ட வேண்டும். மாடு, ஆட்டின் முழுத் துண்டுகளுக்கு 145 டிகிரியும் பிறகு மூன்று நிமிட ஓய்வும். இது பாதுகாப்புக்கான அளவு மட்டுமே. பிரிஸ்கட் பஞ்சாக வேண்டுமென்றால் 200ஐ ஒட்டிப் போக வேண்டும், அதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இறைச்சிக் கடையிலும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். நம் ஹலால் கடைகளில் பழக்கத்தில் எல்லாவற்றையும் குழம்புக்கு வெட்டிவிடுவார்கள், கொழுப்பையும் சீவிவிடுவார்கள். கால் முழுதாக வேண்டும், பிரிஸ்கட்டில் மேல் கொழுப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லுங்கள். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. தயிர் மசாலாவில் இரவு ஊறவைத்து, இரண்டு மூன்று மணி நேரம் புகை காட்டிய பிறகு அலுமினியத் தாளில் சுற்றி மீதியை வேகவிட்டால் காயாது.

பழைய கிரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நாட்டில் பெல்லட் கிரில்லில் அதிகம் சமைக்கப்படுவதில் பன்றி இறைச்சியும் ஒன்று. அந்தக் கொழுப்பு கம்பித் தட்டோடு நிற்காது. வடிதகடு, வாளி, உள்சுவர் எல்லாவற்றிலும் படிந்து, அடுத்த முறை சூடாகும்போது உருகிப் புகையும். கழுவும் முறையில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபில் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து என்பது பிரபலமான கருத்து. மின்சாரப் பாகங்கள் உள்ள பெட்டியை அப்படிக் கழுவுவது எளிதல்ல. வாங்கியே ஆக வேண்டுமென்றால் உங்கள் பள்ளியின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை சிறியதாக இருந்தாலும் புதிதாக வாங்குவதையே நான் சொல்வேன். பெல்லட் பையையும் திருப்பிப் படியுங்கள். விஸ்கி பீப்பாய் மரத்தில் செய்தவையும் விற்பனையில் உள்ளன. ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி என்று வேறு மரங்கள் தாராளமாகக் கிடைக்கும்போது அது நமக்கு எதற்கு? வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கான பெல்லட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் சமையலுக்கு வாங்காதீர்கள். அது உணவுக்கென்று செய்யப்பட்டதல்ல.

அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் குத்தகை ஒப்பந்தத்தையும் நகரத் தீயணைப்பு விதியையும் பார்க்க வேண்டும். மர பால்கனியிலும், எரியக்கூடிய சுவரிலிருந்து 10 அடிக்குள்ளும் இவ்வகை அடுப்பைப் பல ஊர்களில் அனுமதிப்பதில்லை. கராஜுக்குள், கதவு திறந்திருந்தாலும், வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இதற்கு மின்சாரம் வேண்டும் என்பதால் வெளியே பிளக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் இரண்டு எதிரிகள், ஈரமும் சாம்பலும். ஈரம் பட்ட பெல்லட் உப்பி, தூளாகி, திருகுத் தண்டில் சிமெண்ட் போல இறுகிவிடும். மூடியுள்ள வாளியில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் ஹாப்பரைக் காலி செய்துவிடுங்கள். சாம்பலைச் சில சமையலுக்கு ஒருமுறை, முழுதாக ஆறிய பிறகே எடுக்க வேண்டும். சமையல் நடுவே தீ அணைந்துவிட்டால் உடனே மறுபடி பற்றவைக்காதீர்கள். கிண்ணத்தில் குவிந்து கிடக்கும் பெல்லட் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். இறைச்சியை எடுத்துவிட்டு, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பிறகு தொடங்குங்கள்.

வாங்கி வந்த முதல் நாள் இறைச்சி வைக்காமல், தயாரிப்பாளர் சொன்ன நேரம் வெறுமனே எரியவிட்டு ஆலை எண்ணெய் வாடையைப் போக்க வேண்டும். முதல் சமையலுக்கு பிரிஸ்கட் வேண்டாம், கோழித் தொடை எடுங்கள். மசாலா தடவி 375 டிகிரியில் வைத்தால் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வெந்துவிடும். எலும்பை ஒட்டி 175 டிகிரி காட்டும்வரை விட்டால் இன்னும் மென்மையாக இருக்கும்.