கடலில் மறைந்த மாலுமியின் குடிவழி

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அண்மையான கடலில், யப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. உயிர்நீத்தோர் 307 பேர். அவர்களுட் பலருக்குக் கடலே கல்லறையாயிற்று.

கல்லறையில்லாதான் ஒருவனின் குடிவழியை ஆராய்வது எங்ஙனம்?

முதற்படி, பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேடாகும். பெயர், பதவி, சேவையிலக்கம், கப்பல், இறந்த நாள் ஆகியன அதிற் காணப்படும். பெற்றோர், மனைவி ஆகியோரின் பெயரும் ஊரும் பல பதிவுகளில் உள. ஒரே பெயருடையார் பலராதலின், சேவையிலக்கமே ஆளை ஐயமற உணர்த்தும். பொறித்த பெயரைக் காண விழைவோர் போர்ட்ஸ்மத், பிளிமத், சாட்டம் என்னும் துறைமுக நகர்களிலுள்ள கடற்படை நினைவுத்தூண்களை நாடல் வேண்டும்.

அடுத்து, பெற்றோர் பெயரைத் துணைக்கொண்டு பிறப்பு, விவாகப் பதிவுகளைத் தேடலாம். இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பேடுகள் 2022இல் யாவர்க்கும் திறக்கப்பட்டன. அதற்குமுன் பிறந்த மாலுமியை, உடன்பிறந்தாரோடு வாழும் சிறுவனாக அவற்றிற் காணல் கூடும். 1931ஆம் ஆண்டின் ஏடுகளோ 1942இல் தீக்கிரையாயின.

வரலாற்று நூல்கள் 307 என்னும் எண்ணோடு அமைந்துவிடும். அவ்வெண்ணுள் அடங்கிய ஒருவன் இன்ன தாயின் மகன், இன்ன ஊரினன் என நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் பயனாகும்.