ஒரே குழாயில் இரண்டு வாயு ஓடாது: பிரிட்டனின் ‘ஹைட்ரஜன் கிராமம்’ ஏன் நின்றுபோனது?

இங்கிலாந்தின் எல்லெஸ்மியர் போர்ட் நகரில் விட்பி என்று ஒரு பகுதி. அங்கே சுமார் 2,000 வீடுகளுக்கு இயற்கை எரிவாயுவை நிறுத்திவிட்டு, குழாயில் ஹைட்ரஜன் அனுப்பிப் பார்ப்பதுதான் திட்டம். எதிர்ப்பு கிளம்பியது. 2023 ஜூலையில் அரசு கைவிட்டது.

ஏன் ஹைட்ரஜன்?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் குளிர்காலத்தில் கேஸ் பாய்லரை நம்பித்தான் இருக்கின்றன. கேஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். அந்த வெந்நீர் ரேடியேட்டர்களில் ஓடி அறையைச் சூடாக்கும். கூடவே கார்பனும் வெளியேறும். ஹைட்ரஜன் எரிந்தால் கார்பன் கிடையாது. குழாய்தான் ஏற்கெனவே இருக்கே, உள்ளே போகிற வாயுவை மட்டும் மாத்திட்டா போதுமே? 2016-ல் லீட்ஸ் நகரையே இப்படி மாற்றலாம் என்றது ‘எச்21’ அறிக்கை. முன்அனுபவமும் உண்டு. நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய ‘டவுன் கேஸில்’ சுமார் பாதி ஹைட்ரஜன்தான். 1967 முதல் 1977 வரை வீடு வீடாகப் போய் அதை வட கடல் எரிவாயுவுக்கு மாற்றினார்கள்.

குழாய் தாங்குமா?

பெருமளவு தாங்கும். பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடும் வேலை பல வருஷமாக நடக்கிறது. ஆனால் அதே வெப்பத்துக்கு மூன்று மடங்கு கனஅளவு ஹைட்ரஜன் வேண்டும். பாய்லர், அடுப்பு எல்லாம் மாத்தணும்.

அப்போ எங்கே சிக்கல்?

ஒரே குழாயில் இரண்டு வாயு ஓடாது. பக்கத்து வீட்டுக்காரர் சரி என்று, நீங்கள் வேண்டாம் என்றால்? விட்பி மக்கள் முன் இருந்தது இரண்டே வழி: ஹைட்ரஜன், அல்லது மின்சாரம். பழைய கேஸைத் தொடர முடியாது. நாங்கள் என்ன சோதனை எலிகளா என்ற கோபம் அங்கிருந்துதான் வந்தது.

அடுத்து ரெட்கார். 2023 டிசம்பரில் அதுவும் ரத்து. அந்த ஊருக்குத் தேவையான ஹைட்ரஜன் அங்கே கிடைக்காது என்பதே காரணம். மண்டபம் பிடிச்சாச்சு, மாப்பிள்ளையைக் காணோம்!

கணக்கும் உதவவில்லை. 100 யூனிட் காற்றாலை மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி எரித்தால் சுமார் 60 யூனிட் வெப்பம். அதே மின்சாரத்தை ஹீட் பம்ப்புக்குக் கொடுத்தால் 300 வரை வரும். அது வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுக்கிறது. வீட்டைச் சூடாக்க ஹைட்ரஜனை ஆதரிக்க வேண்டாம் என்று 2023 அக்டோபரில் தேசிய உள்கட்டமைப்பு ஆணையமும் சொல்லிவிட்டது. ஹீட் பம்ப் மலிவானதில்லை, பொருத்தும் செலவு அதிகம். ஆனால் ஒரு வீடு மாற, தெருவே மாற வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தின் ஃபைஃபில் வேறு மாதிரி யோசித்தார்கள். சுமார் 300 வீடுகளுக்கான திட்டம் அது. பழைய கேஸ் குழாய் அப்படியே இருக்கும். பக்கத்திலேயே ஹைட்ரஜனுக்குத் தனிக்குழாய். விரும்புகிறவர்களுக்கு மட்டும் இணைப்பு. 300 வீட்டுக்கு இது சரி. நாடு முழுக்க இரண்டாவது குழாய் போட யார் பணம் கொடுப்பது?