கைத்தொலைபேசி காட்டும் வழியும் பிள்ளை அறியும் இடமும்

கமக்காரர் ஒருவர் தமது வயலுக்கு இருட்டிலும் போய்வருவார். எந்த வாய்க்காலுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் இறங்கும், குளக்கட்டில் நின்றால் அயலவர் காணி எந்தப் பக்கம் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நடந்து நடந்தே கற்றார். இடம்பெயர்ந்த பின் பிறந்த எமது பிள்ளைகளுக்கு அந்த வரம்புகளில் நடக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்கள் கையில் இருப்பது கைத்தொலைபேசி. அதன் திரையைப் பார்த்து ஒரு பிள்ளை ஓர் இடத்தைக் கற்றுக்கொள்ளலாமா? கல்வி உளவியலாளர்கள் இதனை ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் எமக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கு விளக்குகின்றோம்.

இடத்தை அறிதல் என்பது ஒரே வகை அறிவு அன்று. 1975இல் சீகல், வைற் என்னும் இரு ஆய்வாளர்கள் அதனை மூன்றாகப் பிரித்துக் காட்டினர். ஆலமரம், கோயில், பாலம் போன்ற அடையாளங்களை அறிவது முதலாவது. பாலத்தடியில் இடப்பக்கம் திரும்பி, ஒழுங்கை முடியும் வரை போக வேண்டும் என வழியை அறிவது இரண்டாவது. எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பதுபோல, எது எதற்கு எந்தத் திசையில் இருக்கின்றது என அறிவது மூன்றாவது. கமத்துக்கு இந்த மூன்றாவது அறிவு இல்லாமல் முடியாது. வழக்கமான பாதையை வெள்ளம் மூடினால் மாற்றுவழி பிடிப்பதற்கும், வாய்க்கால் யார் யாருடைய காணிக்கு ஊடாகப் போகலாம் எனக் கூடிப் பேசுவதற்கும் அதுவே வேண்டும்.

ஜேர்மனியில் ஸ்டெபான் முன்சர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சார்புறூக்கன் நகர மிருகக்காட்சிச்சாலையில் ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினர் கையடக்கக் கணினி காட்டியபடி சந்திக்குச் சந்தி திரும்பி நடந்தனர். மற்றவர்கள் வரைபடத்தைப் பார்த்து வழியைத் தாமே கண்டுபிடித்து நடந்தனர். நடை முடிந்ததும், முன்னறிவித்தல் இன்றி, இருசாராரிடமும் கேள்விகள் கேட்கப்பட்டன. கணினி வழிகாட்டியவர்கள் எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை நன்றாகவே சொன்னார்கள். ஆனால் இடத்தின் முழு அமைப்பு அவர்கள் மனதில் பதியவில்லை. வரைபடம் பார்த்தவர்களுக்கோ இரண்டும் பதிந்திருந்தன.

காரணம் விளங்கக் கடினமானதல்ல. வரைபடம் பார்ப்பவர் அதில் கண்டதை மனதில் வைத்து, கண்முன் தெரியும் சந்தியோடு பொருத்திப் பார்த்தே அடுத்த அடி வைக்கின்றார். அந்த உழைப்பே படிப்பு. "இடப்பக்கம் திரும்புக" எனக் கருவி சொல்லிவிட்டால் அந்த உழைப்புக்கு வேலை இல்லை. யப்பானில் இஷிகாவா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகின்றது. செய்மதி வழிகாட்டியுடன் நடந்தவர்கள், கடதாசி வரைபடத்துடன் நடந்தவர்களைவிடக் கூடிய தூரம் நடந்தனர், அடிக்கடி நின்றனர், அவர்கள் பிறகு கீறிய படங்களும் திறம் இல்லை.

அப்படியானால் திரையே கூடாதா? அப்படிச் சொல்லிக் கைத்தொலைபேசியைப் பறிப்பது பிழை என்பதே எமது எண்ணம். முன்சர் குழுவினர் 2012இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உயர்தர மாணவர்கள் முன்பு கண்டிராத ஒரு பல்கலைக்கழக வளவுக்குள் நடந்தார்கள். கண்மட்டத்துக் காட்சியை மட்டும் திரை காட்டியபோது வழி தவறவில்லை, ஆனால் இடத்தின் அமைப்பைக் கற்கவில்லை. முழு அமைப்பையும் திரை காட்டியபோது நன்கு கற்றார்கள், ஆனால் இடையிடையே வழி தவறினார்கள். ஆகவே திரை எதைக் காட்டுகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். கற்கும்போது கொஞ்சம் வழி தவறுவதும் நட்டமல்ல.

"இது பிறப்பிலே வரும் கெட்டித்தனம்" எனச் சிலர் சொல்வதும் சரியல்ல. அமெரிக்காவில் டேவிட் அட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இவ்வகைத் திறன்கள் பயிற்சியால் வளர்கின்றன; வளர்ந்தது நிலைக்கவும் செய்கின்றது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்புவோ ஆச்சியோ ஊரைப் பற்றிச் சொல்ல, பிள்ளை முற்றத்து மணலில் தடியால் கீறட்டும். குளம், வாய்க்கால், கோயில், எமது காணி என ஒவ்வொன்றாக வரட்டும். கீறி முடிந்த பின்னரே கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறக்க வேண்டும். குளத்தை முதலில் தேடினால் பெரும்பாலும் இலகுவில் அகப்படும். பிறகு ஒரு கேள்வி: "குளக்கட்டில் சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நின்றால், எமது காணி வலப்பக்கமா, இடப்பக்கமா?" ஆய்வாளர்களும் இடத்தின் அமைப்பை ஒருவர் அறிந்தாரா எனச் சோதிப்பது இப்படித் திசை கேட்டுத்தான்.

பிள்ளை தடுமாறினால் ஏசவேண்டாம். ஓர் உருவத்தை மனதுக்குள் எவ்வளவு கூடத் திருப்ப வேண்டியிருக்கின்றதோ, அவ்வளவு கூட நேரம் பிடிக்கும் என்பதை ஷெப்பேர்ட், மெற்ஸ்லர் ஆகியோர் 1971இலேயே அளந்து காட்டினர். அவர்கள் சோதித்தது வளர்ந்தவர்களை. தலைகீழாகப் பிடித்த படம் பெரியவர்களையும் தாமதிக்கச் செய்யும்.

புதிய இடத்துக்குச் செல்லும்போதும் இவ்வாறே செய்யலாம். புறப்படுமுன் முழு வரைபடத்தையும் பிள்ளைக்குக் காட்டி, வழியை அவர் வாயாலேயே சொல்லவைத்து, கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடவுங்கள். தவறினால் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். செய்மதிப் படம் சில வருடங்களுக்கு முன் எடுத்ததாகவும் இருக்கலாம். அதில் காணியின் எல்லைக்கல் தெரியாது, மிதிவெடியும் தெரியாது. வெடிபொருள் அகற்றியாயிற்று என அறிவிக்கப்படாத நிலத்துக்குள், படத்தில் பாதை தெரிகின்றதே என நம்பிப் பெரியவர்களோ பிள்ளைகளோ இறங்கக் கூடாது.